மெடிக்கல் கிளியர் என்றால் என்ன அர்த்தம்?

கேட்டிருப்பவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு அக்கா. தம்பிக்கு 24 வயது, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவர். அடுத்த மாதம் கொரியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போகிறார். பருவகால விசா, முதலில் ஐந்து மாதம், சரிவந்தால் எட்டு. போய் வந்த பெடியன்கள் சொல்லும் கதைகள் அக்காவின் காதிலும் விழுந்திருக்கின்றன. “மெடிக்கல் எல்லாம் கிளியர், ஒரு பயமும் இல்லை என்கிறான். அப்பா இல்லாத வீடு. இந்த விசயத்தை நான் அவனோடு எப்படிக் கதைப்பது? உறவால் நோய் தொற்றும் ஆபத்து உண்மையில் எவ்வளவு? ஆணுறை வாங்கிப் பையில் வைத்துவிடலாமா? அம்மா கண்டால்?”

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. கொழும்பில் தனியார் ஆய்வுகூடங்களில் இருபது வருடமாக இரத்தம் எடுப்பவன், சோதிப்பவன். வெளிநாட்டு மெடிக்கலுக்கு வருகிறவர்களின் கையைத்தான் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே எனக்குப் பழகிய இடத்திலிருந்து, அந்த ‘கிளியர்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

மெடிக்கல் என்பது போகிற நாடு கேட்கும் கேள்விக்கான பதில். இந்த ஆள் எங்கள் நாட்டுக்கு நோய் கொண்டுவருவாரா, வந்து படுத்துவிடுவாரா, எங்கள் காசில் வைத்தியம் பார்க்க வேண்டி வருமா? அவ்வளவுதான். வளைகுடா நாடுகளுக்கென்றால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே, பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை என்று பட்டியல் போகும். கொனோரியா, கிளமிடியா, ஹெர்பீஸ், மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. இவற்றை அதில் யாரும் தேடுவதில்லை. தேடுகிறவற்றையும் அன்றைய திகதிக்குத்தான் தேடுகிறோம். போன கிழமை தொற்றிய எச்.ஐ.வி. இந்தக் கிழமை இரத்தத்தில் பிடிபடாது. வாகனத்துக்குப் புகைப் பரிசோதனை செய்வோமே, அந்தக் கடதாசி மாதிரித்தான் இதுவும். புகை பாஸ் என்றால் புகை பாஸ். பிரேக்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

காலை ஏழரைக்கே எங்கள் வரிசை தொடங்கிவிடும். பிளாஸ்டிக் கோப்பில் பாஸ்போர்ட் கொப்பி, புதிதாக வெட்டிய தலைமுடி, வெறும் வயிறு. ரப்பர் பட்டியைக் கட்டும்போது சிலர் குனிந்து மெதுவாகக் கேட்பார்கள், “அண்ணே, இதில் அது தெரியுமா?” ‘அது’ என்றால் எச்.ஐ.வி. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்பவர்களே அதிகம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. காணியை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, போகிற கடைசி நேரத்தில் ஒரு ஊசி முனையில் எல்லாம் தொங்குகிறது. ஆனால் அதே பயம்தான் பிறகு அங்கே போயும் சோதனைக்குப் போக விடாது, தானாகவே குளிசை வாங்கிப் போட வைக்கும், ஊருக்கு வந்தும் மனைவியிடம் வாயைத் திறக்க விடாது.

ஒரு காலத்தில் நான் பகுதி நேரமாக வேலை செய்த ஒரு இடத்தில் ஹட்டன் பக்கத்துப் பெடியன் ஒருவருக்கு ‘அன்ஃபிட்’ என்று சீல் குத்திக் கொடுத்தார்கள். என்ன காரணம் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அவர் அதை எயிட்ஸ் என்று தானே முடிவு செய்துகொண்டு, வீட்டுக்குப் போகாமல் தெமட்டகொடையில் ஒரு போர்டிங்கில் இரண்டு கிழமை சுருண்டு கிடந்தார். நண்பன் ஒருவன் இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஹெபடைட்டிஸ் பி. ஈரல் கிளினிக்கில் பதிந்து, வருடா வருடம் பார்த்துக்கொண்டு, குடியை விட்டுவிட்டுச் சாதாரணமாக வாழக்கூடிய விசயம். ரிப்போர்ட் அவருடைய இரத்தத்தின் ரிப்போர்ட். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை.

சரி, ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம்.

வெளிநாடு போனால் ஆள் கெட்டுவிடுவான் என்ற பேச்சை முதலில் ஒரு பக்கம் வைக்க வேண்டும். ஸ்பெயினின் இபிசா தீவில் கோடைகாலம் முழுக்க மதுக்கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யப் போகும் பிரித்தானிய இளைஞர்களை லிவர்பூல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சில மாதங்களுக்குள் பலர் புதுத் துணைகளோடு உறவு வைத்திருந்தார்கள். அதில் கணிசமான பங்கு ஆணுறை இல்லாமல் நடந்திருந்தது. அவர்களும் எங்கள் பெடியன்களும் பண்பாட்டில் எவ்வளவோ தூரம். பொதுவாக இருப்பது சூழ்நிலை. இருபத்திரண்டு, இருபத்து நான்கு வயது. வீட்டாரின் கண் இல்லை. சீசன் முடிந்ததும் போய்விடப் போகிறோம், இங்கே நடந்தது இங்கேயே இருக்கட்டும் என்ற நினைப்பு. கையில் முதல் தடவையாகக் காசு. குடி. இதோடு எங்கள் ஆட்களுக்கு மொழியும் தெரியாது. பன்னிரண்டு மணித்தியாலம் பச்சைக்குடிலுக்குள் குனிந்து நின்றுவிட்டு, ஒரு ரூமில் ஆறு பேர் படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வெளியே வந்தால் மனம் எங்கே போகும் என்று நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நல்ல வளர்ப்புள்ள பெடியன் என்பதால் இது நடக்காது என்று நம்புவது, நல்ல டிரைவர் என்பதால் சீட் பெல்ட் வேண்டாம் என்பது மாதிரி.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை. இலங்கையில் முதல் இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1987இல். இன்றும் நாட்டின் மொத்தச் சனத்தொகையில் அது மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழ். ஆனால் புதிதாகக் கண்டறியப்படுவோர் ஏறிக்கொண்டு வருகிறார்கள். 2023இல் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள், இளைஞர்களின் பங்கும் கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் ‘மத்திய கிழக்கிலிருந்து வரும் பெண்கள்தான் எயிட்ஸ் கொண்டுவருகிறார்கள்’ என்று ஊரெல்லாம் பேச்சு இருந்தது. அது எப்படி வந்தது? அந்தப் பெண்களைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள், அதனால் அவர்களிடம் கண்டுபிடித்தார்கள். சோதிக்காத ஆணின் இரத்தம் எந்தக் கணக்கிலும் வராது. பழி மட்டும் சோதிக்கப்பட்டவளுக்கு.

இனி நான் தம்பியோடே கதைக்கிறேன். தங்கச்சி, இந்த இடத்திலிருந்து அப்படியே வெட்டி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

தம்பி, உங்களைச் சாமியாராக இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இருந்தால் நல்லது, இராவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் இது.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயந்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மருந்து எடுக்காத, எச்.ஐ.வி. உள்ள பெண்ணோடு ஆணுறை இல்லாமல் ஒரு தடவை உறவு கொள்ளும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் நான்கு அளவில். கொனோரியா உள்ள பெண்ணிடமிருந்து ஒரே தடவையில் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆக, சீசன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவரக்கூடியது கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் ஆகத்தான் அதிகம் இருக்கும். அப்படியென்றால் எச்.ஐ.வி.யை மறந்துவிடலாமா? இல்லை. ஒரு புண்ணோ அழற்சியோ இருந்தால் அந்த நான்கு பல மடங்காகும். குத உறவில் வாங்குபவருக்கு அது பத்தாயிரத்தில் நூற்று முப்பதுக்கும் மேல். தவிர, கொனோரியாவுக்கு மருந்து எடுத்தால் போய்விடும், எச்.ஐ.வி.க்கு வாழ்நாள் முழுக்க மருந்து.

கொனோரியா பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் தன்னைக் காட்டும். சிறுநீர் போகும்போது எரிவு, உள்ளாடையில் மஞ்சள் சீழ். ஊரில் வெட்டை என்பார்கள். இந்த இடத்தில்தான் எங்கள் பெடியன்கள் செய்யும் பெரிய பிழை நடக்கிறது. கொரியாவில் டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயட்டிக் வாங்க ஏலாது என்று போய் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. அதனால் இங்கிருந்தே சிப்ரோ, அமொக்சிலின் என்று பட்டை பட்டையாகப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒருவன் போட்டு மிச்சம் வைத்ததை ரூமில் அடுத்தவன் போடுகிறான். ஆசியாவில் இன்று கொனோரியாக் கிருமி பெரும்பாலும் சிப்ரோவுக்கு மசிவதில்லை. கொஞ்சம் எரிவு குறையும், சீழ் நிற்கும், கிருமி அப்படியே இருக்கும். அதற்குச் சரியான மருந்து செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி. கிளமிடியாவுக்கு வேறு மருந்து. இரண்டும் சேர்ந்து வருவதும் சாதாரணம். அதனால் குளிசைப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எரிவு வந்தால் டொக்டரிடம் போங்கள். மொழிக்குப் பபாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலி போனில் இருக்கிறது, ஆங்கிலத்தில் தட்டினால் கொரிய மொழியில் காட்டும். ஆணின் சிறுநீர் எரிவு டொக்டருக்குப் புது விசயமும் இல்லை, வெட்கக்கேடும் இல்லை.

கிளமிடியாவில் சிக்கல், அது பலருக்கு ஒன்றும் காட்டாது. பாதி ஆண்களுக்கும், பெண்களில் அதைவிடக் கூடுதலானவர்களுக்கும் ஒரு அறிகுறியும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் பெண்ணின் கருக்குழாயை அடைத்து, பிள்ளை பெறுவதையே பாதிக்கும். அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கணவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

சிபிலிஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்த ஒருவர் வேறு ஏதோ சோதனைக்கு வந்தார். இரத்தம் எடுக்கக் கையைத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கச் செம்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், கடியில்லை, வலியில்லை. “சீமெந்து அலர்ஜி” என்றார். காலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாதத்திலும் அதே. சீமெந்து பாதத்துக்குப் போவது இருக்கட்டும், இப்படி ஒழுங்காகப் போகுமா? சிபிலிஸ் பார்க்கும் வி.டி.ஆர்.எல். இரத்தச் சோதனையையும் கேட்டு எழுதுவிக்கச் சொன்னேன். பொசிட்டிவ், அதுவும் நல்ல உயரத்தில். பிறகுதான் நினைவுபடுத்திச் சொன்னார், சில மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் ஒரு புண் வந்ததாம், வலிக்கவில்லையாம், தானாக ஆறிவிட்டதாம். சிபிலிஸ் அப்படித்தான் நடக்கும். முதல் புண் வலிக்காது, மூன்று முதல் ஆறு கிழமையில் மருந்தில்லாமலே மறையும். ஆள் தப்பினேன் என்று நினைப்பார். கிருமி இரத்தத்தில் இறங்கியிருக்கும். அந்த மனுசனின் மனைவி அப்போது நான்கு மாதக் கர்ப்பம். எங்கள் நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் முதல் கிளினிக்கிலேயே சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். அதனால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை இரண்டும் போவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆனால் அந்தச் சோதனை முடிந்த பிறகுதான் இவர் மறுபடியும் விடுமுறையில் வந்திருந்தார். இருவருக்கும் பென்சிலின் ஊசி. இடுப்பில் போடுவது, நன்றாக வலிக்கும், இரண்டு நாள் சாய்ந்து நடக்க வேண்டும். ஆரம்ப நிலை என்றால் ஒரே தடவையில் நோய் முடியும். பிள்ளை சுகமாகப் பிறந்தது. அவர் காலைக் காட்டியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆணுறை. கடைக்காரரிடம் ‘ப்ரீதி’ என்று கேட்டே பழகிய நாடு இது. ஆனால் போடத் தெரிந்தவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. திகதியைப் பாருங்கள். பக்கெட்டை விரலால் அமுக்கினால் உள்ளே காற்று தெரிய வேண்டும். பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு உருட்டுங்கள். முடிந்ததும் அடியைப் பிடித்துக்கொண்டு, தளர முன் வெளியே எடுங்கள். இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது பொய். ஒன்றோடொன்று உரசிக் கிழியும். அப்புறம் தேங்காய் எண்ணெய். எங்கள் ஆட்களின் பையில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். ரப்பர் ஆணுறையில் எண்ணெய் பட்டால் சில நிமிடத்தில் வலு இழந்துவிடும். வாசலினும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் வழுவழுப்புப் பசை மட்டும்தான் சரி. பர்ஸுக்குள் வைத்துப் பின் பொக்கெட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்த ஆணுறையையும் எறிந்துவிடுங்கள். கொரியாவில் சந்திக்குச் சந்தி இருக்கும் கடைகளிலேயே விற்கிறது, பெயரும் கொண்டொம்தான். அதனால் மொழிப் பிரச்சினையைச் சாக்காகச் சொல்ல ஏலாது.

உறவு முடிந்ததும் டெட்டோலால் கழுவுவது, தேசிக்காய் தேய்ப்பது என்று ஒரு வைத்தியம் ரூம்களில் ஓடுகிறது. தோல் பொசுங்கி, கிருமி நுழைய இன்னும் வசதியாகும். அவ்வளவுதான் பலன்.

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது குடிவெறியில் போடவே இல்லை. அப்போது நேரம்தான் மருந்து. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரைகளை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்க் கேட்கலாம். ஒரு ஞாயிறு நடந்ததை அடுத்த ஞாயிறு லீவில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் கதவு மூடிவிடும். சோதனைக்கோ நேர் எதிர்: அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை. புதிய ஆய்வுகூடச் சோதனைகளில் எச்.ஐ.வி. ஆறு கிழமை அளவில் பெரும்பாலும் தெரியும், விரலில் குத்திப் பார்க்கும் சோதனை என்றால் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தால்தான் மனம் ஆறலாம். கொரியாவில் ஊருக்கு ஊர் ‘பொகொன்சோ’ என்று அரசாங்கச் சுகாதார நிலையம் இருக்கும். பெயர் சொல்லாமல் இலவசமாக எச்.ஐ.வி. பார்க்கலாம், வெளிநாட்டவரும்தான். விசா, தொழில் சம்பந்தமாகக் கேட்க வேண்டியிருந்தால் 1345 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் பல மொழிகளில் பதில் சொல்வார்கள்.

இன்னொன்று. காசு கொடுத்து உறவு வாங்குவது கொரியாவில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குபவருக்கும். ‘எல்லோரும் போகிறார்கள்’ என்று ரூமில் சொல்பவன் உங்கள் விசாவுக்குப் பொறுப்பில்லை. போனில் நட்பாகி, வீடியோ கோலில் உடுப்பைக் கழற்ற வைத்து, பதிவு செய்து, குடும்பத்துக்கு அனுப்புவோம் என்று காசு பறிக்கும் கூட்டமும் அங்கே இருக்கிறது. மாட்டினால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த மாதச் சம்பளமும் அவனுக்குத்தான். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள்.

ஆணோடு ஆண் உறவைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை, நானும் விட்டுவிட்டால் அது பிழை. ஆறு பேர் ரூமில் அதுவும் நடக்கிறது, விருப்பத்தோடும் நடக்கிறது, வெருட்டியும் நடக்கிறது. தன்னை ஓரினச் சேர்க்கையாளன் என்று நினைக்காதவர்களுக்கும் நடக்கிறது. இலங்கையில் புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி.யில் பெரும் பங்கு ஆணுக்கு ஆண் பரவியது. ‘பெண்ணில்லை, கர்ப்பமாகாது, பிறகெதற்கு உறை’ என்ற நினைப்பில்தான் அது பரவுகிறது. வெருட்டி நடந்திருந்தால் அது உங்கள் பிழை இல்லை. 72 மணித்தியாலக் கணக்கு அங்கும் அதேதான். இப்படியான உறவு தொடர்ந்து இருப்பவர்கள் முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரையும் இருக்கிறது. பிரெப் என்பார்கள், இங்கே அரசாங்கக் கிளினிக்கிலேயே கேட்கலாம்.

போக முன் ஒரு தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு சுலபமாகத் தொற்றும், உறவாலும் இரத்தத்தாலும். ரூமில் ஒரே சவரக் கத்தியைப் பங்கு போடுவதும், தெருவோரத்தில் பச்சை குத்துவதும் இதில் சேர்த்தி. குழந்தைகளுக்கு அந்த ஊசியை இலங்கையில் போடத் தொடங்கியது 2003இல்தான். அதற்கு முன் பிறந்த ஆட்களில் பலருக்கு அது இல்லை. முழுதாக மூன்று ஊசி, ஆறு மாதக் கணக்கு. அடுத்த மாதம் பயணம் என்றால் இன்று ஒன்று, போக முன் ஒன்று போடலாம், மூன்றாவதை வந்து போடலாம். விரைவு அட்டவணையும் உண்டு, டொக்டரிடம் கேளுங்கள்.

இதைக் கொரியா போகாமல் வளைகுடாவுக்குப் போகிற யாரும் வாசித்தால் இரண்டு விசயம். அங்கே எச்.ஐ.வி. என்று தெரிந்தால் வதிவிட அனுமதி போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே போக முன் இங்கே தெரிந்துகொள்வதுதான் மலிவு. இரண்டாவது பெண்களுக்கு. சவூதி, குவைத், கட்டார் போன்ற நாடுகளில் திருமணத்துக்கு வெளியே கர்ப்பமானால் சிறைக்கே போக நேரும், அவளை ஒருவன் பலவந்தப்படுத்தியிருந்தாலும் அதை நிரூபிப்பது அவள் தலையில். சில முகவர்கள் பெண்களுக்கு மூன்று மாதக் கர்ப்பத்தடை ஊசி போட்டு அனுப்பியதாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அவளைக் கேட்டா போட்டார்கள்? ஊசி கர்ப்பத்தைத் தடுக்கும், நோயைத் தடுக்காது, பலவந்தத்தையும் தடுக்காது. தனியாக எழுத வேண்டிய விசயம் இது.

திரும்பி வரும்போது என்ன செய்வது? கட்டுநாயக்கவில் இறங்கியவுடன் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் நீங்களே போக வேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேஸ், 29ஆம் இலக்கம். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் அங்கே இருக்கிறது. டொக்டரின் துண்டு வேண்டாம், காசு வேண்டாம். உங்கள் ரிப்போர்ட் வேலை கொடுப்பவருக்கோ ஏஜென்சிக்கோ போகாது. மெடிக்கல் செய்யும் இடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: அங்கே முடிவு அவர்களுக்கு, இங்கே முடிவு உங்களுக்கு. எச்.ஐ.வி. பொசிட்டிவ் என்று வந்தாலும் மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு இறங்கிவிட்டால் உறவால் மற்றவருக்குத் தொற்றாது, கல்யாணம் செய்து பிள்ளையும் பெறலாம். வெளி மாவட்டத்துக்காரருக்கு அந்தந்த மாவட்ட ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கிளினிக் இருக்கிறது. ஆட்டோக்காரனிடம் அந்த இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கண்ணாஸ்பத்திரி என்று சொல்லி இறங்கி, நடந்து போங்கள். பலர் அப்படித்தான் போகிறார்கள்.

கடைசி உறவிலிருந்து மூன்று மாதம் முடிந்து ஒரு சோதனை செய்யும்வரை, வீட்டில் இருப்பவளோடும் ஆணுறைதான். என்ன காரணம் சொல்வது என்று கேட்பீர்கள். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்பதும் ஒரு காரணம்தான். நோய் இருப்பதாகத் தெரிந்தால் பொய்யில்லாமல் சொல்லத்தான் வேண்டும். அவளும் மருந்து எடுக்காவிட்டால் உங்களுக்கே திரும்பி வரும். எப்படிச் சொல்வது என்பதற்குக் கிளினிக்கிலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அந்த உரையாடலை அவர்கள் நூறு தடவை கேட்டவர்கள்.

தங்கச்சி, இனி உங்களுக்கு. அவரை உட்கார வைத்து விளக்கம் சொல்லத் தேவையில்லை. அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்து இதைக் கதைத்த வீடு நான் அதிகம் காணவில்லை. இரண்டு பேரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் நல்லது: பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, உடுப்பு மடிக்கும்போது. “ஒன்று அனுப்பியிருக்கிறேன், வாசி. ஏதும் நடந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், டொக்டரிடம் போ. காசு வேண்டுமென்றால் மட்டும் கேள், எதற்கென்று கேட்க மாட்டேன்.” இவ்வளவு போதும். அந்தக் கடைசி வசனத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். காசில்லை என்பதற்காக ஊசி போடாமல் சிப்ரோவோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பையைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா அடுக்கும் பையில் வைக்க வேண்டாம். சித்தாலேப, பனடோல், சமஹன் எல்லாவற்றையும் அம்மா மூன்று தடவை எடுத்து எண்ணி வைப்பார், எனக்குத் தெரியும். போகிற நாளில் அவர் தோளில் போடும் சின்னப் பை ஒன்று இருக்குமே, பாஸ்போர்ட்டும் சார்ஜரும் வைப்பது. அதை அம்மா தொட மாட்டார். அதன் உள் சிப்பில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, வைத்ததாகச் சொல்லாமல் விடுங்கள். விமான நிலையத்தில் சார்ஜரைத் தேடும்போது அவரே கண்டுகொள்வார்.